எல்லாருடைய அரிப்பும்

அன்று தேநீர் வேளையில் ஒட்டுப்பாறைக் கேரட் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். கழுவும் மெஷினின் உருளைக்குள் கேரட்டைத் தள்ளும் யோகேஸ்வரி. அவளுக்கு எதிரே நின்று உடைந்த கேரட்டையும் இரண்டு கால் கேரட்டையும் பொறுக்கி ஒதுக்கும் சந்திரவதனி. தரம் பிரிக்கும் தெய்வானை, புஷ்பராணி, அவள் தங்கை அமுதராணி. மூட்டை சுமக்கும் பெரியதம்பி, கிங்ஸ்லி. ஜார்க்கண்டிலிருந்து வந்து அதே வேலையைப் பாதித் தமிழில் செய்யும் பிர்சு, சுக்ராம். மோட்டார் பார்க்கும் ஜெகநாதன். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு எடுக்கும் டிரைவர் தாமு. மேலே யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரங்களுக்கு நடுவில் தைலம் காய்ச்சுகிற காதர் பாய், தேநீருக்கு மட்டும் இறங்கி வந்தவர். முதலாளி போஜன். சாக்கு வாய் தைக்கும் நான். மொத்தம் பதினான்கு பேர். போஜனின் நாயும் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

கேரட் மண்ணோடு வரும், தண்ணீரில் உருளும், சிவந்து வெளியே விழும். அந்தத் தண்ணீர் முழங்கால் வரை ஏறும் எங்கள் ரப்பர் கம்பூட்டுக்குள் இறங்கி, விடியலிலிருந்து மதியம் வரை அங்கேயே குடியிருக்கும். நீலகிரிக் குளிரில் ஊறிய கால்விரல் சந்துகள் வெளுத்து, பிளந்து, சேற்றுப்புண்ணாகும். மூட்டை சுமப்பவர்களுக்கு ஈரச்சாக்கு உரசுகிற கழுத்திலும் முதுகிலும் படர்தாமரை வட்டம் வட்டமாக ஏறும். ஆகவே எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. தேநீரைக் கையில் வாங்கும் முன் எல்லாரும் கம்பூட்டைக் கழற்றி, கவிழ்த்த பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து, கேரட் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ்ஷால் சொறிந்துகொள்வோம். அதில் யாரும் யாருக்கும் வெட்கப்பட்டதில்லை. அந்த வேளையில்தான் கல்யாணம் பேசினார்கள், சண்டையைத் தீர்த்தார்கள், போஜன் காதில் விழாமல் போஜனைப் பற்றியும் பேசினார்கள். நான் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவன், குனிந்தே இருப்பேன். அதனால் எல்லாருடைய காலும் எனக்கு மனப்பாடம். பதினோரு பேரிடம் பத்தொன்பது இடத்தில் அரிப்பு இருந்தது. பாய்க்கு இல்லை, லாரியை விட்டுக் கீழே இறங்காத தாமுவுக்கு இல்லை, போஜன் தனக்கு இல்லை என்றார்.

அன்றும் கம்பூட்டுகள் கழன்றன, கால்கள் பெட்டிமேல் ஏறின, பிரஷ்கள் உயர்ந்தன. உயர்ந்த பிரஷ்கள் அப்படியே நின்றன. யாருக்கும் அரிக்கவில்லை.

"என்ன இது, கால் செத்துப் போச்சா?" என்று பெரியதம்பி தன் சுண்டுவிரலைக் கிள்ளினான். வலித்தது. மறுபடி கிள்ளினான், மறுபடியும் வலித்தது.

அப்போது யோகேஸ்வரியின் டம்ளர் உருண்டது. அவள் கழுத்தைச் சொறிந்தாள், முதுகுக்குக் கையை வளைத்தாள், கம்பூட்டோடு ஒரு காலை மறுகால்மேல் தேய்த்தாள். அவள் கழுத்தில் ஒன்றுமே இல்லை, தண்ணீரில் ஊறிய வெறும் தோல்.

"பெரியதம்பி அண்ணா, உங்க கழுத்து" என்றாள்.

"என் கழுத்துக்கு என்ன?"

"எங்கிட்ட வந்துருச்சு."

பிறகு அவள் ஒவ்வொருவராகச் சொன்னாள். தெய்வானைக்கு வலது கால், பெருவிரல் பக்கம். கிங்ஸ்லிக்குத் தோள்பட்டையில் இரண்டு வட்டம். சுக்ராமுக்கு இடுப்பில் பெல்ட் கட்டுகிற இடம். "சின்னையா, உங்களுக்கு இடது கால்ல மூணு சந்து" என்று என்னிடம் சொன்னாள். மூன்றுதான். யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஜெகநாதன், இன்னும் நாற்பது மூட்டை இருக்கிறது, மோட்டாரைப் போடவா என்று கேட்டார். போடச் சொன்னார் போஜன். உருளை சுற்றியது, கேரட் சிவந்தது, எங்கள் எல்லாருடைய அரிப்பும் யோகேஸ்வரியிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வாரம் ஒட்டுப்பாறைக்காரர்கள் தூங்கிய தூக்கத்தை இதற்கு முன் தூங்கியதில்லை. தெய்வானை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் முறையாகக் காலைப் போர்வைக்குள் வைத்துப் படுத்தாள். சுக்ராம் ஊருக்கு போன் பண்ணி அவன் அம்மாவிடம் சொன்னான், அவர் அங்கே ஒரு தேங்காய் உடைத்தார். யோகேஸ்வரிக்குக் கருவாட்டுக் குழம்பு வந்தது, பீன்ஸ் வந்தது, புஷ்பராணி வீட்டுக் கோழி வந்தது. கொட்டகையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், அவள் பங்கு கேரட்டை ஆளுக்கு ஒரு கூடையாகத் தள்ளினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி வெள்ளிக்கிழமை அவள் பெயரில் அர்ச்சனை செய்தார், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார், இரண்டுக்கும் அவள் போகவில்லை, வீட்டுச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழ்க் கொட்டகைக்காரி ஒருத்தி கொசுக்கடியைக் கொண்டுவந்து, "இதையும் வச்சுக்கம்மா, ஒண்ணோட ஒண்ணு" என்று காட்டினாள். கொசுக்கடி மாறவில்லை. இது எங்கள் கொட்டகைக்கு மட்டும் ஆன ஏற்பாடு என்று சந்திரவதனி அவளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். ஏன் இப்படி ஆனது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள்.

யோகேஸ்வரியின் புருஷன் சத்தியசீலன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மே மாதக் கடைசியில் அவளும் மகள் நிலானியும் அவனிடம் போவதாக முடிவாகியிருந்தது. வீடு பார்த்தாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தாகிவிட்டது, அவளுக்கு ஓவர்லாக் தையல் மெஷினில் இடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. அரிப்பை இங்கேயே விட்டுப் போக முடியுமா என்று பார்க்க அவள் ஒருநாள் பஸ் ஏறி குன்னூர் போனாள், அரிப்பும் டிக்கெட் எடுக்காமல் கூடவே போனது. அங்கே தெரிந்த தையற்கடையில் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையைத் தைத்துப் பார்த்தாள். பாதித் தையலில் பெரியதம்பியின் கழுத்து அரித்தது, ஊசி அவள் நகத்தை உரசிக்கொண்டு இறங்கியது.

திரும்பி வந்து என்னிடம், "சின்னையா, இதோட அங்க போனா எனக்கு விரல் மிஞ்சாது" என்றாள்.

தன் உடம்பைச் சொறிந்தால் அவளுக்கு ஆறவில்லை. எவ்வளவு சொறிந்தாலும், அரிப்பு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் தட்டுவதுபோல இருந்தது. புண்ணுக்கு உரியவர் தன் புண்ணைச் சொறிந்தால்தான் அவளுக்கு இதம் வந்தது. இதைக் கண்டுபிடித்தது பெரியதம்பி. ஒருநாள் சும்மா தூணில் கழுத்தைத் தேய்த்தான், அவள் நாற்காலியில் கண்ணை மூடி, "அப்பாடி, இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. அவள் பெயரைச் சொன்னால் சொறிய வேண்டும். "அமுதா, வலது கால்" என்பாள், தனக்கு ஒன்றும் தெரியாத அமுதராணி பொறுப்பாகக் குனிந்து சொறிவாள். "பிர்சு, முதுகு" என்பாள், சுக்ராம் அவனுக்குச் சொறிந்து விடுவான். வேலை நேரம் முடிந்தால் போன் வரும். பெரியதம்பிக்கு ஒரு மிஸ்டுகால் வந்தால் கழுத்து, இரண்டு வந்தால் கால் என்று வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில், துக்க வீட்டில், பஸ்ஸில் நின்றுகொண்டு எங்கள் ஆட்கள் போனைப் பார்த்துவிட்டுக் கடமையாகச் சொறிந்தார்கள். எல்லாரும் பிரியத்தோடு சொறிந்தார்கள், அவள் வாங்கிக்கொண்ட பாரத்துக்குக் கைமாறாக, நகம் அழுந்த, தோல் சிவக்க, விட்ட இடம் தெரியாமல் சொறிந்தார்கள்.

தேநீர் வேளையில் நான் குனிந்திருந்தபோது அமுதராணியின் ஒரு சந்து இரண்டு சந்தாகியிருந்ததைப் பார்த்தேன். கிங்ஸ்லியின் தோளில் மூன்றாவது வட்டம் இருந்தது. பெரியதம்பியுடையது கழுத்திலிருந்து நகத்தில் ஏறி முழங்கை மடிப்புக்கும் போயிருந்தது. கழற்றாத காலுக்குப் பழைய கணக்கையே வைத்து மறுபடி எண்ணினேன். பத்தொன்பது இருபத்தேழாகியிருந்தது.

"யோகு, கூடிருச்சும்மா" என்றேன்.

"தெரியும் சின்னையா. எனக்குத்தானே தெரியும். இருபத்தெட்டு."

"இருபத்தேழு."

"இருபத்தெட்டு" என்றாள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

நான் இரண்டு தரம் எண்ணினேன், இருபத்தேழுதான் வந்தது.

மறுநாள் அவள் நாற்காலியை எடுத்துப் பின்பக்கம் போட்டுவிட்டு, கவிழ்த்த பெட்டிமேல் ஏறி நின்றாள். "இனிமே யாரும் சொறியக் கூடாது" என்றாள். "எனக்கு இதமாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொறியச் சொறிய அது நகத்துல ஏறி அடுத்த இடத்துக்குப் போகுது. நான் கூப்பிட்டாலும் சொறியாதீங்க. கெஞ்சினாலும் சொறியாதீங்க. மருந்து போடுங்க."

"எங்களுக்குத்தான் அரிக்கவே இல்லையே. எதுக்கு மருந்து?" என்றாள் புஷ்பராணி. அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"எனக்கு அரிக்குது."

"ஹெல்த் சென்டர்ல கொடுத்த டியூப்பு வீட்ல காஞ்சு கிடக்கு" என்றான் கிங்ஸ்லி. "நாலு நாள் போட்டேன், அரிப்பு நின்னுச்சு, விட்டுட்டேன். எல்லாரும் அப்படித்தானே விடுறது."

"இனிமே அரிப்பு நின்னுச்சான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான் சொல்ற வரைக்கும் போடணும்."

அவள் நேரே மேலே காதர் பாயின் கொட்டாய்க்குப் போனாள், நானும் பின்னால் போனேன். பாய் கொப்பரையின் வாயைக் களிமண்ணால் பூசி முடித்து, ஆவி குழாய் வழியாக வந்து குளிர்ந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குமேல் தைலம் மெல்லிசாக மிதந்தது. அவருக்குக் கோபம் வந்தால் அந்தச் சொட்டைப் பார்ப்பார், சந்தோஷம் வந்தாலும் அதையே பார்ப்பார்.

"தைலம் கேக்குறியா, இது சளிக்கும் தலைவலிக்கும் நல்லா கேக்கும். கால் பூஞ்சைக்கு இது மட்டும் பத்தாது" என்றார். "எலுமிச்சைப்புல் தைலம் சேரணும். அதுக்குக் கொஞ்சம் உரப்பு ஜாஸ்தி. நான் கால்ல தண்ணி பட நிக்கிறவன்தான், என் காலைப் பாரு." பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "ஆனா ஒண்ணு. ரெண்டையும் அப்படியே போட்டா தோல் வெந்துரும். பத்துக் கரண்டி தேங்கா எண்ணெய்க்கு ஒரு கரண்டி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. ஈரத்துல போட்டும் பிரயோஜனமில்ல. காயணும், அப்புறம் போடணும்."

"எத்தனை நாள் பாய்?"

"அது போற வரைக்கும். போன பின்னாடியும் கொஞ்ச நாள்."

எலுமிச்சைப்புல்லுக்குப் பள்ளத்தாக்கின் கீழ்ச்சரிவுக்கு இறங்க வேண்டியிருந்தது. யோகேஸ்வரி இறங்கினாள், அறுத்தாள், கட்டினாள், சுமந்து ஏறினாள், வழி முழுக்க நாங்கள் சொறியாத, அவள் சொன்ன இருபத்தெட்டும் அவளோடு ஏறின. பாய் அடுப்பை மூட்டினார். கற்பூர இலை ஒரு நாள், புல் ஒரு நாள் கொப்பரையில் கொதித்தது. ஹெல்த் சென்டர் நர்ஸ் மங்கையர்க்கரசி வந்து எங்கள் கால்களைப் பார்த்தார், யோகேஸ்வரியின் வெறும் கழுத்தையும் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தெய்வானைக்குச் சர்க்கரை இருக்கு, அவங்க வீட்டு வைத்தியம் பண்ண வேண்டாம், என்கூட வரட்டும். மத்தவங்க தைலம் போடுங்க, ஒரு மாசத்துல இறங்கலைன்னா எல்லாரும் என்கிட்ட வரணும். சிவந்து எரிஞ்சா உடனே நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கால் காய்ந்தாலும் கம்பூட் காயவில்லை, ஈரக் கம்பூட்டுக்குள் மறுநாள் காலை விட்டால் எல்லாம் முதலிலிருந்து. அதற்கும் வழி பாயின் கொட்டாயிலேயே கிடந்தது. தைலம் இறங்கிய பின் கொப்பரையிலிருந்து அள்ளிக் கொட்டுகிற இலையைச் சட்டியில் ஈரம் போக வறுத்து, சூடு ஆறும் முன் கம்பூட்டுக்குள் திணித்துக் கவிழ்த்து வைத்தோம். மறுநாள் இலையைக் கொட்டினால் உள்ளே பாலைவனம்போல இருந்தது. வேலை முடிந்ததும் எல்லாரும் வரிசையாக மேலே ஏறுவது, அடுப்பு வெக்கையில் கால் நீட்டுவது, துணியால் விரல் சந்து சந்தாகத் துடைப்பது, பஞ்சில் தொட்டுப் போடுவது, இலை திணிப்பது என்று அந்த மலைச்சரிவில் ஒரு புது வழக்கம் உண்டானது. பழைய வழக்கத்தில் நடந்த பேச்செல்லாம் அங்கே இடம் மாறியது. சொறிகிற பிரஷ் மட்டும் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள், வாய் தவறி, "அண்ணா, கழுத்து" என்று வந்துவிடும், பெரியதம்பி கையைத் தூக்குவான், அவளே அவன் கையைத் தட்டி விடுவாள்.

பெரியதம்பிக்குப் பொறுமை பத்தாது. பத்துக்கு ஒன்று என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துச் சொட்டிய தைலத்தை அப்படியே கழுத்தில் பூசிக்கொண்டான். எரிச்சலில் குதித்துக்கொண்டே, "யோகு, உனக்கு எரியலையா?" என்று கத்தினான்.

"இல்லையே அண்ணா. எரிச்சல் உங்களோடதுதான். அரிப்பு மட்டும்தான் என்னோடது" என்றாள்.

கழுத்தில் கொப்புளம் கிளம்பி ஆறுகிற வரை அவனுக்கு மருந்து நின்றது.

பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து புகார் வந்தது. எங்கள் கேரட்டில் தைல வாசனை அடிக்கிறதாம். யாரோ அல்வா கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார்களாம். போஜன் உருளையை நிறுத்தச் சொன்னார், அதை அவர் சாதாரணமாக நிறுத்த மாட்டார்.

"இனிமே தைலம் போட்டுட்டு யாரும் என் கொட்டகைக்குள்ள வரக் கூடாது" என்றார். "உங்களுக்கு அரிக்கவும் இல்ல. வேலையும் ஓடுது. அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? யோகேஸ்வரி இருக்குறா, பாத்துக்கிறா. அவளுக்கு என்ன வேணுமோ கொடுங்க."

நான் மூட்டை தைக்கிற ஊசியில் அடுத்த சணலைக் கோத்தேன். எங்களுக்குள் இரண்டொருவர் அது சரிதானே என்று நினைத்ததும் எனக்குத் தெரியும்.

"முதலாளி" என்றாள் யோகேஸ்வரி. "உங்களுக்கும் ஒண்ணு இருக்கு."

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல."

"இருக்குங்க. முதல் நாள்ல இருந்தே இருக்கு. எங்கேன்னு நான் சொல்லல."

போஜனின் முகம் உருளையிலிருந்து விழும் கேரட்டின் நிறத்துக்கு வந்தது. என் கணக்கில் குறைந்த அந்த ஒன்று எதுவென்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது, நான் இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டேன். பெரியதம்பி இருமினான். இருமல் கொட்டகை முழுக்கப் பரவியது.

"சாயங்காலம் போட்டு, காலைல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்தா வாசனை போயிடும்ல?" என்றார் போஜன்.

"போயிடுங்க."

"அப்ப சரி. மோட்டாரப் போடு ஜெகநாதா." பிறகு நாய்க்குச் சொல்வதுபோல, "அந்த எடத்துக்கும் இதே தைலம்தானா?" என்றார்.

"அந்த எடத்துக்கு இது ஆகாது முதலாளி" என்று மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த பாய் சொன்னார். "ஹெல்த் சென்டர்ல களிம்பு கொடுப்பாங்க. நர்ஸம்மாகிட்ட கேக்க வெக்கமா இருந்தா நம்ம சின்னையாவை அனுப்புங்க." என்னை அனுப்பினார்கள். நான் நர்ஸிடம் யாருக்கு என்றும் எங்கே என்றும் சொல்லாமல் நின்றேன், அவர் புரிந்துகொண்டு கொடுத்தார். எனக்கென்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொன்று போகும்போதும் யோகேஸ்வரி உருளைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிடுவாள். "சுக்ராம் இடுப்பு போச்சு" என்பாள், அதோடு அவள் உடம்பில் ஓர் இடம் அமைதியாகும். போன அரிப்பு உரியவரிடம் திரும்பி வரவில்லை, ஒரேயடியாகப் போனது. ஆனால் போன பின்னாலும் அவள் விடவில்லை. அரிப்பு நின்றதும் மருந்தை விடுவது எங்கள் பழக்கம், அவளோ, "மேல தோல் மாறுற வரைக்கும்" என்று வீடு வீடாக ஏறினாள், வாசலில் நின்று, விரல் சந்தை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனாள். கிங்ஸ்லி போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னால், "உன் மூணாவது வட்டம் அப்படிச் சொல்லலையே தம்பி" என்பாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவர்களே அலுத்துப்போய்ப் போட்டுக்கொண்டார்கள். தெய்வானையின் கால் நர்ஸ் கொடுத்த மருந்தில் ஆறியது. என் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இருபத்தெட்டு பத்தானது, பத்து ஐந்தானது. மே மாதம் பாதியைத் தாண்டியது.

சந்திரவதனியுடையது மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் எங்கள் கண் முன்னால்தான் போட்டாள். முதல் ஆளாக அடுப்படிக்கு வருவாள், முதல் ஆளாகப் பஞ்சைத் தொடுவாள். ஆனால் வீட்டுக்குப் போய்த் துடைத்துவிட்டு, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். யோகேஸ்வரிக்கு அது தெரிந்தது, வலது காலில் இரவெல்லாம் ஈரமாக அரித்தது. எட்டு வருஷமாக உருளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் அவர்கள். மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் உதட்டசைவிலேயே பேசிப் பழகியவர்கள்.

தேநீர் வேளையில் யோகேஸ்வரி போய் அவள் எதிரில் நின்றாள். "ஏன்க்கா?"

"எது ஏன்?"

"ஏன் ஈரத்துணி?"

சந்திரவதனி கேரட் ஒன்றை எடுத்து மண் இல்லாத இடத்தைச் சுரண்டினாள். "இது இருக்கிற வரைக்கும் நீ மெஷின்ல உக்கார முடியாது. உக்கார முடியாட்டி போக மாட்ட. போனா, எதிர்ல யார நிறுத்துவாங்க? அந்தக் கீழ்க் கொட்டகைக்காரியத்தான் நிறுத்துவாங்க. கொசுக்கடிக்காரி."

"அதுக்காக என்னைத் தூங்க விடாம வச்சிருப்பியா?"

"எனக்கு அரிக்கலையே. எனக்கு எப்படித் தெரியும் நீ தூங்கலன்னு?" என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும், அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

யோகேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். சந்திரவதனியின் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"ஐய, காலை விடுடி. உனக்கு நான் மூத்தவ."

"பரவாயில்ல."

"எல்லாரும் பாக்குறாங்க."

"இத்தனை வருஷம் பாக்காத காலா?" என்று சொல்லி, அவள் துணியால் சந்து சந்தாகத் துடைத்தாள், ஊதிக் காய வைத்தாள், பஞ்சில் தைலத்தைத் தொட்டாள். தினமும் அவளே போட்டாள். காலையில் அந்த வீட்டுக்குப் போய்க் கம்பூட்டில் இலையைக் கொட்டி, காலுக்குக் காய்ந்த துணியைக் கட்டி, கையோடு அழைத்து வந்தாள். அந்த நாட்களில் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. உதடு அசைந்ததை நான் பார்த்தேன், என்னவென்று எனக்குத் தெரியாது. கேரட் மட்டும் நன்றாகப் பிரிந்து வந்தது.

கடைசி நாள் தாமுவின் லாரியில் எழுபது மூட்டைகளின்மேல் யோகேஸ்வரியின் பாத்திரக் கட்டும் மிக்சியும் கோரைப்பாயும் ஏறின. நிலானி முன்னாடியே ஏறி ஹாரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சந்திரவதனியின் கடைசிச் சந்து அன்று விடியலில்தான் போயிருந்தது, புதுத் தோல் கேரட் தோல்போல மெல்லிசாக வந்திருந்தது. யோகேஸ்வரி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவள் என் முன்னால் வந்ததும் உடம்பைச் சிலிர்த்தாள்.

"சின்னையா, இன்னும் ஒண்ணு இருக்கு."

உருளை நின்றது. அத்தனை பேரும் கம்பூட்டைக் கழற்றினோம். என் கணக்கிலும் ஒன்று குறையாமல் நின்றது, ஆகவே நானும் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. பெரியதம்பி சட்டையைக் கழற்றிச் சுற்றிக் காட்டினான். போஜன், "என்னோடது போயிருச்சு, சத்தியமா போயிருச்சு" என்றார், கேட்காமலே. தாமுவை லாரியிலிருந்து இறக்கிச் செருப்பைக் கழற்றச் சொன்னோம். கணக்கில் சேர்க்காத நாயின் நான்கு காலையும் சுக்ராம் விரித்துப் பார்த்தான். பாய் தன் காலையும் காட்டினார், அது பழையபடியே இருந்தது.

"எங்க அரிக்குது? எடத்தச் சொல்லு" என்றாள் சந்திரவதனி.

"கால்ல. இடது கால். சுண்டுவிரல் பக்கம்."

"கழட்டு."

"எதை?"

"உன் கம்பூட்டடி."

அரிப்பு வந்த நாளிலிருந்து அவள் எங்களோடு சேர்ந்து காலைப் பெட்டிமேல் வைக்கவே இல்லை. கழற்றினாள். ஊருக்கெல்லாம் இலை திணித்தவளின் கம்பூட்டுக்குள் ஈரம் இருந்தது. சுண்டுவிரல் சந்து வெளுத்து, பிளந்து கிடந்தது. முதல் நாள் நான் எண்ணிய பத்தொன்பதில் அதுவும் ஒன்று. அத்தனை பேருடைய கூட்டத்தில் அது காணாமல் போயிருந்தது.

யோகேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கொட்டகை மூலையில் கிடந்த தேய்ந்த பிரஷ்ஷை எடுத்துவந்து, பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொறிந்தாள். சொறிந்த இடத்திலேயே இதம் வந்தது. அவள் தோள்கள் இறங்கின, வாய் லேசாகத் திறந்தது. தாமு ஹாரன் அடிக்கவில்லை, போஜனும் மோட்டாரைப் போடச் சொல்லவில்லை.

"போதும், சொறியாத" என்றாள் சந்திரவதனி. "நகத்துல ஏறும்."

அவள் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். சந்திரவதனி பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்தக் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துத் துடைத்தாள், ஊதினாள், தைலம் போட்டாள். மீதித் தைலத்தைக் குப்பியோடு அவள் பையில் வைத்து, மேல தோல் மாறுற வரைக்கும் போடணும், நான் போன் பண்ணிக் கேப்பேன் என்றாள். யோகேஸ்வரி கம்பூட்டைக் கொட்டகையில் விட்டுவிட்டு, காய்ந்த செருப்போடு லாரியில் ஏறினாள்.

பத்தொன்பதில் தொடங்கியது, போஜனுடையதைச் சேர்த்து இருபதானது, சொறிந்து சொறிந்து இருபத்தெட்டானது. லாரி தேயிலை வளைவில் திரும்பி மறைந்தபோது ஒட்டுப்பாறையில் மீதி ஒன்றும் இல்லை. லாரியில் ஒன்று.